மூச்சுவிடும் குப்பை: ஜெர்மனியில் வீட்டுக் கழிவு எரிபொருளான வரலாறு

வீடுகளிலிருந்து திரளும் குப்பையை இயந்திரங்களால் துணித்து, சலித்து, இரும்பையும் பிற உலோகங்களையும் பிரித்தெடுத்து, எஞ்சியவற்றில் உலர்ந்து எரியத்தக்க பகுதியை எரிபொருளாக்கி, ஈரமான மக்கும் பகுதியை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்து, அவற்றின் உழைப்பிலிருந்து வெப்பமோ எரிவாயுவோ பெறும் முறை இயந்திர உயிரியல் பதப்பாடு எனப்படுகிறது. இம்முறை இன்று பல நாடுகளில் வழக்கிலிருந்தாலும், சட்டம், ஆய்வகம், மக்கள் போராட்டம் ஆகிய மூன்றும் மோதிக்கொண்ட களத்தில் அது முழு வடிவம் பெற்றது ஜெர்மனியில்தான். காலம், ஏறத்தாழ 1990 முதல் 2005 வரையிலான பதினைந்து ஆண்டுகள். அந்தப் பதினைந்து ஆண்டுகளின் வரலாற்றை இயந்திரங்களின் வரலாறாக எழுதுவது எளிது. ஆனால் அந்நாட்டு அறிஞர்களையும் சட்டமியற்றுவோரையும் உண்மையில் பிரித்து நிறுத்திய கேள்வி வேறு: புதைக்கப்படும் குப்பை இனி உயிர்ப்பின்றி அடங்கிவிட்டது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நகரக் குப்பையில் பெரும்பகுதி அடுப்புச் சாம்பல். அதோடு கலந்த காய்கறித் தோலும் எலும்பும் கந்தலும் நகரைச் சூழ்ந்த உழவர்களின் வயலுக்கு எருவாகச் சென்றன. 1892இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,600 பேருக்கு மேல் மாண்டபோது, நகரின் குப்பையைத் தம் நிலத்தில் கொட்டவிடச் சுற்றுவட்ட ஊரார் மறுத்தனர். வேறு வழியற்ற நகராட்சி, இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1870களில் ஆல்பிரட் பிரையர் உருவாக்கிய எரியுலையின் வழியைப் பின்பற்றித் தன் புல்லர்டைக் எரியுலையைக் கட்டி, 1896இல் முறையாக இயக்கத் தொடங்கியது. ஹாம்பர்க்கில் அந்த உலை எரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்நகரத்தார் அடுப்பில் இட்டது கல்நிலக்கரி; அதன் சாம்பலில் எரியாத கரித்துண்டுகள் மிகுதியாகக் கிடந்தன. பெர்லினிலோ பழுப்பு நிலக்கரிக் கட்டிகளே அடுப்பு விறகு. அவை முழுவதும் எரிந்து நீறாகிவிடுவதால், 1890களில் அங்கு நடந்த எரிப்புச் சோதனையில் குப்பை தானாக எரிய மறுத்தது. ஓர் ஊரின் அடுப்பு வேறாக இருந்தால் அவ்வூரின் குப்பையும் வேறாகும் என்னும் இந்தச் சிறு உண்மையை மறந்த எல்லாத் திட்டங்களும், அன்று முதல் இன்று வரை, அதற்கான விலையைக் கொடுத்திருக்கின்றன.

எரிக்க முடியாத இடத்தில் பிரிக்கும் எண்ணம் எழுந்தது. பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் 1907 முதல், சாம்பல் ஒன்றிலும் உணவு மிச்சம் ஒன்றிலும் விற்கத்தக்க பழம்பொருள் ஒன்றிலுமாக, வீட்டுக்குள்ளேயே குப்பையை மூன்றாகப் பிரித்துச் சேர்க்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. உணவு மிச்சம் பன்றிகளுக்குத் தீவனமாயிற்று. முதல் உலகப் போரின்போது அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. மியூனிக் நகரம் அதற்கும் முன்பே, 1898இல், வேறொரு வழியில் இறங்கியிருந்தது. நகரின் குப்பை தொடர்வண்டியில் ஏற்றப்பட்டு, மேற்கே புக்ஹைம் என்னும் சிற்றூரில் இருந்த தொழிற்சாலைக்குச் சென்றது. அங்கே சல்லடையில் சாம்பலும் மண்ணும் உதிர்க்கப்பட்டு, எஞ்சியது நகரும் பட்டைகளின் மேல் செல்ல, இருபுறமும் நின்ற தொழிலாளர்கள் எலும்பு, கண்ணாடி, இரும்பு, கந்தல், காகிதம் எனக் கையால் பொறுக்கினர். மக்கக்கூடியவை அருகிலிருந்த சதுப்பு நிலத்தைப் பண்படுத்தப் பயன்பட்டன. 1949 வரை, இரு உலகப் போர்களையும் தாண்டி அது இயங்கியது. இன்றைய இயந்திர உயிரியல் ஆலையின் முன்பாதி, அதாவது சல்லடையும் நகரும் பட்டையும் பிரித்தெடுப்பும், புக்ஹைமில் ஏற்கெனவே இருந்தன. காந்தமும் ஒளியுணரியும் பின்னாளில் செய்த வேலையை அங்கே மனிதக் கைகள் தூசியிலும் நாற்றத்திலும் நின்று செய்தன என்பதை எந்த வரலாறும் தவிர்த்துவிடக் கூடாது.

பின்பாதியான உயிரியலுக்கு வேறு ஊற்றுகள். நெதர்லாந்தில் 1929இல் அமைக்கப்பட்ட குப்பை நிறுவனம் ஹேக் நகரின் கழிவைத் தொடர்வண்டியில் வைஸ்டர் என்னும் இடத்துக்குக் கொண்டு சென்று, நீண்ட மேடைப் பாதையிலிருந்து கீழே கொட்டி, மாதக்கணக்கில் மக்கவிட்டு, பிறகு சலித்து உரமாக விற்றது. அதே காலத்தில் இந்தியாவின் இந்தூரில், 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து, காற்றும் ஈரமும் சாணமும் அளவறிந்து சேர்த்து அடுக்கிக் கிளறினால் எந்தக் கழிவும் சில மாதங்களில் நல்ல எருவாகும் என்பதை முறைப்படுத்தினார். இந்தூர் முறை என்று பெயர்பெற்ற அது ஐரோப்பிய மக்குரத் தொழிலாளர் பலருக்கும் வழிகாட்டியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலும் நகரக் குப்பையிலிருந்து மக்குரம் செய்யும் ஆலைகள் எழுந்தன. ஆனால் ஞெகிழியும் மின்கலமும் வண்ணப்பூச்சும் வீட்டுக் குப்பையில் கலந்த பிறகு, கலப்புக் குப்பையிலிருந்து செய்த உரத்தில் கண்ணாடித் துகளும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களும் சேர்ந்தன. உழவர்கள் அதை வாங்க மறுத்தனர். அந்த மறுப்பு நியாயமானது.

எனவே 1960களில் பெரும்பாலான குப்பை பள்ளங்களுக்குச் சென்றது. மேற்கு ஜெர்மனியில் முதல் கழிவகற்றல் சட்டம் 1972இல் வந்தபோது நாட்டில் ஏறத்தாழ 50,000 குப்பைக் கிடங்குகள் இருந்தன. சட்டம் அவற்றைச் சில நூறாகக் குறைத்து, அடியில் களிமண்ணும் ஞெகிழிப் படலமும் இட்ட பெரிய கிடங்குகளாக ஒருமுகப்படுத்தியது. ஆனால் கிடங்கு என்பது பொருளை வைத்துப் பூட்டும் அறை போன்றதன்று. அது ஓர் இரைப்பை. புதைந்த குப்பையின் மக்கும் பகுதியைக் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் செரித்து, கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைத் தேக்கும் மீத்தேனை வெளியிடுகின்றன. மழைநீர் அதனூடே இறங்கி, கரிமப் பொருளும் அம்மோனியாவும் கரைந்த கசிவுநீராக அடியில் சேர்கிறது. இந்தச் செரிமானம் பல பத்தாண்டுகள் நீடிக்கும். அடியிலிட்ட படலம் அத்தனை காலம் தாங்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. 1979இல் மூடப்பட்ட ஹாம்பர்க்கின் கேயோர்க்ஸ்வெர்டர் கிடங்கிலிருந்து கசிந்த எண்ணெயில், 1983இல், மிகக் கொடிய நஞ்சான டையாக்சின் கண்டறியப்பட்டது. அங்கே புதைந்தவற்றுள் தொழிற்சாலைக் கழிவும் உண்டு என்றாலும், ‘மூடிய கிடங்கு முடிந்த கிடங்கு’ என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

மாற்றாக முன்வைக்கப்பட்டது எரியுலை. அதற்கும் அதே நஞ்சின் பெயரால் எதிர்ப்பு எழுந்தது. இத்தாலியின் செவேசோவில் 1976இல் ஒரு வேதித் தொழிற்சாலையிலிருந்து டையாக்சின் பரவியிருந்தது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் குப்பை எரியுலையின் பறக்கும் சாம்பலில் அந்த வகை நஞ்சுகள் இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1980களின் இறுதியில் ஜெர்மனியில் புதிய எரியுலை என்ற அறிவிப்பு எங்கு வந்தாலும் அங்கே குடிமக்கள் குழு ஒன்று பிறந்தது. பவேரியாவில் அத்தகைய குழுக்கள் ஒன்றுகூடி, குப்பையைக் குறைத்தலையும் பிரித்தலையும் முன்னிறுத்திய சட்ட வரைவு ஒன்றை மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டு சென்றன. 1991 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் அது 43.5 விழுக்காடு வாக்குகள் பெற்று, மாநில அவையின் வரைவிடம் தோற்றது. தோற்ற தரப்பு பெற்ற வாக்கே அரசுக்கு ஓர் எச்சரிக்கை. கிடங்கும் வேண்டாம், எரியுலையும் வேண்டாம் என்ற மாவட்டங்கள் மூன்றாவது வழியைத் தேடின. கீழ்ச் சாக்சனியில் லூனபர்க், பாசும் போன்ற இடங்களில் 1990களின் நடுவில் எழுந்த முன்மாதிரி ஆலைகள் அந்தத் தேடலின் விளைவு.

அவ்வாலைகளின் இயக்கம் எளிதில் விளங்கக்கூடியது. லாரி கொட்டிய குப்பை முதலில் துணுக்காக்கப்படும். பிறகு பெரிய உருளை வடிவச் சுழல் சல்லடைக்குள் செல்லும். சல்லடைக் கண்ணில் விழாமல் மேலே தங்குபவை காகிதம், ஞெகிழி, துணி, மரம். இவை உலர்ந்தவை, எரிபவை. கண் வழியே கீழே விழுபவை உணவு மிச்சம், தோட்டக் கழிவு, மண், சிறு துகள். இவை ஈரமானவை, மக்குபவை. இடையில் காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும். மாறும் காந்தப்புலம் அலுமினியத்தைத் துள்ளவைத்து ஒதுக்கும். மேல்பகுதி எரிபொருளாக மின்நிலையத்துக்கோ சிமெண்டுச் சூளைக்கோ போக, கீழ்ப்பகுதி மூடிய கூடங்களில் காற்றூட்டப்பட்டு வாரக்கணக்கில் மக்கும். மக்கி அடங்கியது கிடங்குக்குச் செல்லும். நோக்கம் உரம் செய்வதன்று. கிடங்கின் வயிற்றில் பல பத்தாண்டுகள் நிகழவிருந்த செரிமானத்தை, கண்காணிப்புக்கு உட்பட்ட ஒரு கூடத்தில் சில வாரங்களில் முடித்துவிடுவது.

இங்கேதான் சட்டம் குறுக்கிட்டது. 1993இல் ஜெர்மன் அரசு வெளியிட்ட நகர்ப்புறக் கழிவுக்கான தொழில்நுட்ப நெறிமுறை, பதப்படுத்தாத குப்பையைப் புதைப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்து, நிறைவேற்ற 2005 ஜூன் 1 வரை கெடு அளித்தது. புதைக்கத் தகுந்தது எது என்பதற்கு அது கொண்ட அளவுகோல் எரியிழப்பு. உலர்த்திய மாதிரியை ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து எரித்து, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பதே எரியிழப்புச் சோதனை. வகையைப் பொறுத்து 3 அல்லது 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அப்பொருளைப் புதைக்கக் கூடாது. எரியுலைச் சாம்பல் இச்சோதனையில் எளிதில் தேறும், ஏனெனில் அது முன்பே எரிந்தது. நுண்ணுயிர்கள் எவ்வளவுதான் உழைத்தாலும் மக்கிய குப்பை தேறவே தேறாது. சட்டம் எரியுலையைப் பெயர்சொல்லிக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த அளவுகோலே எரியுலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியே நிறுத்தியது.

எதிர்த்தவர்களின் வாதம் அறிவியல் அடிப்படையில் வலுவானது. சூட்டில் எடை குறைவதெல்லாம் மண்ணில் அழுகுவதாகாது. ஒரு ஞெகிழித் துண்டு உலையில் முழுதும் மறைந்துவிடும். கிடங்கிலோ நூறாண்டுக்கும் கிடக்கும், மீத்தேன் தராது. மரத்தின் கடினப் பகுதியான லிக்னினும், மக்கலின் இறுதியில் விளையும் கருமண் பொருளும் அப்படியே. எரியிழப்பு அளப்பது ஒரு பொருள் எரியுமா என்பதை. கிடங்கின் பாதுகாப்புக்குத் தெரிய வேண்டியதோ அது இன்னும் செரிக்குமா என்பது. கூட்டாட்சி ஆய்வு அமைச்சகத்தின் ஆதரவில் 1990களின் பிற்பாதியில் பல பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய ஆய்வுத் திட்டம் இந்த வேறுபாட்டை எண்களாக மாற்றியது. அதன் பயனாக, குப்பையின் உயிர்ப்பை நேரடியாக அளக்கும் இரு சோதனைகள் சட்டத்துக்குள் நுழைந்தன.

முதலாவது மூச்சுச் சோதனை. ஈரப்படுத்திய மாதிரியை மூடிய கலத்தில் இட்டு, அதிலுள்ள நுண்ணுயிர்கள் நான்கு நாட்களில் எவ்வளவு ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்று பார்ப்பார்கள். உணவு மிகுந்திருந்தால் அவை மிகுதியாக மூச்சுவிடும், உணவு தீர்ந்திருந்தால் அடங்கியிருக்கும். இரண்டாவது வாயுச் சோதனை. அதே மாதிரியைக் காற்றில்லாத கலத்தில் 21 நாட்கள் வைத்து வெளிப்படும் வாயுவை அளப்பது. 2001இல் வந்த கழிவுப் புதைப்பு ஆணை, ஒரு கிராம் உலர்பொருளுக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் அல்லது ஒரு கிலோவுக்கு 20 லிட்டர் வாயு என்ற உச்சவரம்புக்குள் அடங்கிய பொருளை, அதன் எரியிழப்பு எவ்வளவாயினும், புதைக்க அனுமதித்தது. கூடவே மூன்றாவது வரம்பு ஒன்றும் இருந்தது: புதைக்கும் பொருளின் வெப்பமதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிந்தால் தரும் வெப்பம், 6,000 கிலோஜூலுக்கு மேற்படக் கூடாது. ஞெகிழியையும் காகிதத்தையும் முன்கூட்டியே பிரித்தெடுத்து எரிபொருளாக்கினாலன்றி இந்த வரம்புக்குள் வர இயலாது. இயந்திரப் பாதியைக் கட்டாயமாக்கியது வெப்ப வரம்பு. உயிரியல் பாதியைக் கட்டாயமாக்கியது மூச்சு வரம்பு. இம்முறைக்கு அதன் முழு உருவத்தைக் கொடுத்தவை இந்த இரண்டு எண்களே என்று சொன்னால் மிகையாகாது.

நுண்ணுயிர்களின் உழைப்பை எப்படிப் பயன்கொள்வது என்பதில் இரு வழிகள் பிரிந்தன. காற்று கிடைக்கும்போது நுண்ணுயிர் உணவை முழுவதும் எரித்துவிடுகிறது. அதன் ஆற்றல் வெப்பமாக வெளியேறும். காற்று இல்லாதபோது செரிமானம் பாதியில் நின்று, ஆற்றலின் பெரும்பங்கு மீத்தேனுக்குள் தங்கிவிடும். முதல் வழியைச் சேர்ந்தது உலர்நிலைப்படுத்தல்: 1997இல் ஹெஸ்ஸென் மாநிலத்தின் ஆஸ்லர் ஊரில் இயங்கத் தொடங்கிய ஆலையில், துணித்த குப்பை முழுவதும் மூடிய பெட்டிகளில் ஒரு வாரம் அளவுக்குக் காற்றூட்டப்பட்டது, நுண்ணுயிர்கள் கிளப்பும் வெப்பமே குப்பையின் ஈரத்தை விரட்ட, உலர்ந்தபின் உலோகமும் கல்லும் கண்ணாடியும் எளிதில் பிரிந்து, சேமித்து வைக்கத்தக்க எரிபொருள் கிடைத்தது. தன் உணவின் சிறு பங்கைத் தின்று மற்றதை உலர்த்தித் தரும் இந்த ஏற்பாட்டில் நுண்ணுயிர் ஓர் அடுப்பாகவே வேலை செய்கிறது.

இரண்டாம் வழி காற்றில்லாச் செரிமானம். இதன் வேர்கள் நீண்டவை. 1776இல் மாஜோரே ஏரியின் சேற்றிலிருந்து எழுந்த குமிழிகளை அலெசாந்திரோ வோல்தா பிடித்து எரித்துக் காட்டினார். 1897இல் பம்பாயின் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து பெற்ற வாயு விளக்கேற்றியது. ஆனால் சாணக் கரைசலுக்குப் பொருந்திய தொட்டி, கெட்டியான நகரக் குப்பைக்குப் பொருந்தவில்லை. கலக்கியில் துணி சுற்றிக்கொள்ளும், மணல் அடியில் படியும், ஞெகிழி மேலே மிதந்து ஓடாக இறுகும். அதிக நீர் சேர்க்காமல், கெட்டியான கூழாகவே குப்பையைச் செரிக்கவைக்கும் உலர் செரிமான முறைகளை, 1980களில் பிரான்சின் வலோர்கா முறையும் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்த டிராங்கோ முறையும் வளர்த்தெடுத்தன. பிரான்சின் அமியான் நகரில் 1988 முதல் வீட்டுக் குப்பையே இவ்வாறு செரிக்கப்பட்டது. ஜெர்மனியில் பாசும் ஆலை டிராங்கோ முறையை மேற்கொண்டது. அடைத்த தொட்டியில் சில வாரங்கள் கழியும்போது, ஒரு டன் மக்கும் பொருளிலிருந்து ஏறத்தாழ நூறு கனமீட்டர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். ஒரு கனமீட்டர் வாயு இயந்திரத்தில் எரிந்தால் ஏறத்தாழ இரண்டு அலகு மின்சாரம் தரும். பெருந்தொகை அன்று, ஆனால் ஆலை தன்னையே இயக்கிக்கொள்ளவும் மிச்சத்தை விற்கவும் போதும்.

2001இன் அதே சட்டத் தொகுப்பு ஆலைகளின் புகைக்கும் கடும் வரம்பு விதித்தது. மக்கும் கூடங்களிலிருந்து வெளியேறும் காற்றை மரச்சீவல் வடிகட்டியில் செலுத்தி நாற்றம் போக்கினால் போதும் என்றிருந்த நிலை மாறி, ஒரு டன் குப்பைக்கு 55 கிராமுக்கு மேல் கரிமச் சேர்மம் காற்றில் கலக்கக் கூடாது என்றானது. இதற்கு வெளியேறு காற்றைச் சூடேற்றி எரிக்க வேண்டியிருந்ததால், ஆலைகள் தாம் மீட்ட ஆற்றலின் ஒரு பங்கைத் தம் மூச்சைத் தூய்மையாக்கவே செலவிட்டன. எரியுலைக்கு இருந்த அதே கடுமை மாற்று முறைக்கும் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கத்தக்கதே.

2005 ஜூன் 1 வந்தபோது நாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட இயந்திர உயிரியல் ஆலைகள் இருந்தன. பதப்படுத்தாத குப்பையைப் புதைப்பது அன்றோடு நின்றது. ஆனால் யாரும் போதிய அளவு சிந்திக்காத ஒரு சிக்கல் உடனே தலைதூக்கியது: ஆலைகள் உற்பத்தி செய்த எரிபொருளை வாங்கி எரிக்க மின்நிலையங்கள் போதவில்லை. யென்ஷ்வால்டே போன்ற பழுப்பு நிலக்கரி நிலையங்கள் ஒரு பங்கை ஏற்றன. சிமெண்டுச் சூளைகள் தரமானதை மட்டும் கேட்டன. எஞ்சியது ஞெகிழித்தாளில் சுற்றிய பொதிகளாகத் திறந்த வெளிகளில் அடுக்கப்பட்டது. அதற்கென்றே உலைகள் கட்டி முடியச் சில ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியால் இந்த இடைவெளியைக் கடக்க முடிந்தது. இத்தாலியின் காம்பானியா மாநிலத்தால் முடியவில்லை. அங்கே ஏழு பதப்பாட்டு ஆலைகள் எழுந்தன; அவற்றின் பொதிகளை எரிக்க வேண்டிய அச்செர்ரா உலையோ 2009 வரை தயாராகவில்லை; எரிபொருள் தரமும் இல்லாத அப்பொதிகள் பல பத்து லட்சம் டன்களாக நேப்பிள்சைச் சுற்றிய வயல்வெளிகளில் குவிந்தன, 2008இல் நகரத் தெருக்கள் குப்பையால் நிறைந்தன. அவ்வாண்டு நேப்பிள்சின் குப்பை தொடர்வண்டிகளில் ஏறி வடக்கே ஹாம்பர்க் சென்று அங்கே எரிந்தது. நூறாண்டுக்கு முன் தன் குப்பையை ஏற்க அண்டை ஊரின்றித் தவித்த அதே ஹாம்பர்க்.

பிறகு ஜெர்மனியில் வீட்டு மக்கும் குப்பையைத் தனியே திரட்டுவது 2015 முதல் கட்டாயமானது; கலப்புக் குப்பையில் ஈரப்பகுதி குறையக் குறைய, சில ஆலைகள் மூடப்பட்டன, சில தனியே வரும் மக்கும் குப்பையைச் செரிக்கும் ஆலைகளாக உருமாறின. நாட்டின் குப்பைக் கிடங்குகள் வெளியிடும் மீத்தேன் 1990இன் அளவிலிருந்து முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. அந்தக் குறைவே இம்முறையின் உண்மையான சாதனை. கிடைத்த மின்சாரம் அதற்கு அடுத்ததே.

இந்தியாவின் அனுபவம் பெர்லினின் பழைய அனுபவத்தோடு நெருங்கியது. தில்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கக் கட்டிய உலை, ஈரமும் மண்ணும் மிகுந்த குப்பையில் எதிர்பார்த்த வெப்பம் இல்லாமையால் சில வாரங்களிலேயே நின்றது. 2003 அளவில் லக்னோவில் தொடங்கிய 5 மெகாவாட் வாயு ஆலைக்குப் பிரித்த குப்பை வந்துசேரவில்லை, அதுவும் நின்றது. 2016இல் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத குப்பையில் ஒரு கிலோவுக்கு 1,500 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் வெப்பமதிப்பு உள்ளதைப் புதைக்கக் கூடாது, ஆற்றல் பெறவே பயன்படுத்த வேண்டும் என்றன. ஜெர்மன் அலகில் அது ஏறத்தாழ 6,280 கிலோஜூல். இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து நின்றன. ஆனால் ஜெர்மன் சட்டத்தின் மறுபாதியான மூச்சுச் சோதனையும் வாயுச் சோதனையும் அவ்விதிகளில் இடம்பெறவில்லை. வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி உணவு மிச்சமாக இருக்கும் நாட்டுக்கு வெப்பக் கோட்டைவிட அந்தச் சோதனைகளே முதன்மையானவை. சென்னையின் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பைக் கிடங்குகளைத் திருத்தவும் புது ஆலைகளைத் தீர்மானிக்கவும் முற்படும் ஆட்சியாளர்கள், கலத்தில் நான்கு நாள் வைத்துக் குப்பையின் மூச்சை அளந்து பார்ப்பதை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.